பழைய கார்: தண்ணீர் எதுவரை ஏறியது என்று யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏறிவிட்ட இந்த நாள்களில் வெள்ளத்தைப் பற்றி எழுதுவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால், வெள்ளத்தில் நின்ற கார்கள் சென்னையில் கைமாறுவது மழைக்காலத்தில் அல்ல. சேறு காய்ந்து, இருக்கை உறைகள் மாற்றப்பட்டு, வாங்க வருபவருக்கு மழையே மறந்துபோன கோடையில்தான். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மோட்டார் இழப்பீட்டுப் பிரிவில் 27 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். என் தங்கை மகனுக்காகக் கடந்த இரண்டு மாதங்கள் பழைய கார் தேடி அலைந்தபோது கண்டவற்றையும், அவற்றின் அடிப்படையில் அரசிடமும் தங்கள் நாளிதழிடமும் கேட்க விரும்புவதையும் இங்கே எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும். பழைய கார் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லப்பட்ட எதையும் நான் நம்புவதில்லை. அந்தப் பழக்கம் என் எழுத்திலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

2015 டிசம்பரில் அடையாறு கரை மீறிய பிறகு எங்கள் அலுவலகத்தில் மாதக்கணக்கில் வேறு வேலை நடக்கவில்லை. முடிச்சூர், ஈக்காட்டுத்தாங்கல், ஜாஃபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் என்று கார்களின் கோப்புகள் மேசை கொள்ளாமல் தரையில் அடுக்கப்பட்டிருந்தன. 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையின்போது பள்ளிக்கரணையில் அடுக்கக வளாகம் ஒன்றிலிருந்து கார்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட காணொளியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். சிலர் அதைக் கேலி செய்தனர். இழப்பீட்டுக் கோப்புகளைப் பார்த்தவன் என்ற முறையில், அவர்கள் செய்தது சரியான கணக்கு என்றே எனக்குத் தோன்றியது.

மூழ்கிய கார்கள் பிறகு என்ன ஆகின்றன என்பது பலருக்குத் தெரியாது. பழுதுபார்க்கும் செலவு, பாலிசியில் உள்ள காப்பீட்டு மதிப்பில், அதாவது ஐ.டி.வி.யில், 75 சதவீதத்தைத் தாண்டினால், அதை முழு நட்டமாகக் கொண்டு உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிட்டு, வண்டியைச் சேத மதிப்பில் ஏலத்துக்கு விடுவது வழக்கம். ஏலத்தில் எடுப்பவர்கள் எல்லாரும் புதுப்பேட்டையில் பிரித்துப் பாகம் பாகமாக விற்பதற்காக எடுப்பதில்லை. ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, உயிரோடு இருக்கும் வண்டியைக் கழுவி, காய வைத்து, எப்படியோ ஓட வைத்து, வேறு மாவட்டத்திலோ வேறு மாநிலத்திலோ விற்றுவிட்டால் கிடைக்கும் தொகை, உதிரிபாகங்களுக்குக் கிடைப்பதைவிடப் பன்மடங்கு. அழிந்துபோன அல்லது நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாதபடி ஆகிவிட்ட வண்டியைப் பற்றிப் பதிவு அலுவலகத்துக்கு 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால், 'நிரந்தரமாக' என்ற ஒரு சொல்லின் இடுக்கு வழியாகவே இவ்வகை வண்டிகள் தப்பித்து வெளியே வந்துவிடுகின்றன.

அந்த 75 சதவீதக் கோட்டுக்குக் கீழே நின்று, பழுதுபார்க்கப்பட்டு வீடு திரும்பியவை இன்னொரு வகை. மூன்றாவது வகைதான் பரிதாபமானது. தண்ணீரில் நின்ற காரைப் பதற்றத்தில் ஸ்டார்ட் செய்து, என்ஜினுக்குள் தண்ணீர் இழுக்கப்பட்டு, கனெக்டிங் ராடு வளைந்துபோயிருக்கும். இதற்கான பாதுகாப்பைக் கூடுதல் பிரீமியம் கட்டித் தனியாக எடுத்திருக்காவிட்டால் பொதுவாக இழப்பீடு கிடைப்பதில்லை. கைக்காசைப் போட்டு ஒப்பேற்றிய உரிமையாளர், போட்டதை அடுத்து வாங்குபவரிடமிருந்துதான் எடுக்கப் பார்ப்பார். அவர் மீது எனக்குக் கோபம் அதிகமில்லை. ஆனால் அந்தக் காரை வாங்குபவருக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

இனி நாங்கள் பார்த்த கார்களைப் பற்றிச் சொல்கிறேன். முதல் கார், மாநகரின் தென்பகுதியில் உள்ள ஒரு பழைய கார் விற்பனை நிலையத்தில் நின்றது. 2021 பிப்ரவரியில் பதிவானது, டி.என். 14, அதாவது சோழிங்கநல்லூர்ப் பதிவு, ஒரே உரிமையாளர், மீட்டரில் 31,000 கிலோமீட்டர், கேட்ட விலை 5,35,000 ரூபாய். அதே மாடலுக்கு, அதே ஆண்டுக்கு, ஏறத்தாழ அதே ஓட்டத்துக்கு மற்ற இடங்களில் 5,70,000 முதல் 6,00,000 வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிறுசேரியில் வேலை பார்க்கும் தங்கை மகன், அதிர்ஷ்டம் வாசலுக்கு வந்துவிட்டதாகவே எண்ணினான். எனக்கோ குறைந்தது முப்பத்தைந்தாயிரம் ரூபாய் என்ற அந்த இடைவெளிதான் முதல் கேள்வியாக இருந்தது. வியாபாரம் தெரிந்த ஒருவர், சந்தை விலையைவிடக் குறைவாகக் கேட்கிறார் என்றால், வாங்குபவருக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

என் தந்தையார் விவசாயி. மணப்பாறைச் சந்தைக்கு மாடு வாங்கப் போகும்போது சிறுவனான என்னையும் சில முறை அழைத்துப் போயிருக்கிறார். துண்டுக்கு அடியில் தரகரின் விரலைப் பிடித்து விலை பேசுவதற்கு முன், மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பிறகு அதைக் கொஞ்ச தூரம் நடக்கவிட்டு, கால் வைக்கும் விதத்தைப் பார்ப்பார். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பதம் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்க்காமல் ஓட்டிவருவது பேதைமை. காருக்குப் பல் அதன் டயர். டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் அது தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். அந்தக் காரின் நான்கு டயர்களிலும் 4820 என்றிருந்தது. 2020ஆம் ஆண்டின் 48ஆவது வாரம். காரோடு வந்த டயர்கள். பெடல் ரப்பர்களும் ஸ்டியரிங் உறையும் அதிகம் தேயவில்லை. மீட்டரைத் திருப்பி வைக்கவில்லை என்று எனக்கு உறுதியாயிற்று. இவ்வளவு ஒழுங்கான வண்டிக்கு ஏன் இவ்வளவு குறைந்த விலை?

கதவைத் திறந்ததும் லாவண்டர் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தது. ஐந்து வயதுக் காரில் தரை விரிப்பும் இருக்கை உறையும் மட்டும் நேற்று வாங்கியவை போலிருந்தன. ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட்டை, இனி வராது என்னும் இடம் வரை முழுவதுமாக இழுத்தேன். வழக்கமாக யாரும் இழுத்துப் பார்க்காத அடிச்சுருளில், குறுக்கே காப்பிக் கறை போன்ற ஒரு கோடு இருந்தது. பெல்ட்டின் சுருள் பெட்டி, கதவுகளுக்கு இடையிலுள்ள பில்லரின் அடிப்பகுதியில்தான் இருக்கிறது. தண்ணீர் அங்கே ஏறினால் சுருண்டிருக்கும் நாடாவில் சேற்றின் அடையாளம் தங்கிவிடும். இருக்கையை மாற்றுபவர்களும் பெல்ட்டை மாற்றுவது அரிது. பிறகு இருக்கையின் அடியில் கைப்பேசி விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். இருக்கை நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு. டேஷ்போர்டுக்கு அடியில், யாருடைய கையும் படாத இரும்புப் பட்டைகளிலும் துரு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால், அந்தக் குழியின் மூலையில் மாவு போன்ற வண்டல். சாவியை ஆன் செய்தபோது எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து அணைந்தன, ஏர்பேக் விளக்கைத் தவிர. அது எரியவே இல்லை. எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டிய விளக்கு அது. எரிந்துகொண்டே இருந்தால் பழுது. எரியவே எரியாவிட்டால், யாரோ அதை எரியவிடாமல் செய்திருக்கக் கூடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். துருவைக் கண்டவுடன் வெள்ளம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் கொட்டிவாக்கத்திலும் கடற்காற்றில் நிற்கும் கார்கள், ஒரு சொட்டு வெள்ளம் காணாமலேயே துருப்பிடிக்கும். அந்தத் துரு வெளியிலிருந்து உள்ளே வரும்: கதவின் கீழ் விளிம்பு, பானெட்டின் ஓரம், அடித்தளம், சைலன்சர். வெள்ளத்தின் துரு உள்ளேயே தொடங்கும். வெளியே தகடு பளபளக்கும்போது இருக்கைக்கு அடியில் இரும்பு அரித்துக்கொண்டிருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல், கடலோரத்து நல்ல வண்டி ஒன்றை ஒதுக்கிவிட்டு, கழுவித் துடைத்த வெள்ள வண்டியை வாங்கிய நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார்.

சந்தேகத்தை உறுதி செய்தது இரும்பு அல்ல, காகிதம். இதை வாசகர்கள் குறித்து வைத்துக்கொண்டால் நல்லது. காப்பீட்டில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு தள்ளுபடி உண்டு. ஓராண்டு முழுவதும் இழப்பீடு எதுவும் கேட்காத உரிமையாளருக்கு அடுத்த ஆண்டு சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதமும், தொடர்ந்து கேட்காதிருந்தால் 25, 35, 45 என்று ஏறி ஐந்தாவது ஆண்டின் முடிவில் 50 சதவீதமும் தள்ளுபடி கிடைக்கும். நடுவில் ஒரு முறை இழப்பீடு பெற்றால் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 2021 பிப்ரவரியிலிருந்து ஒரே உரிமையாளரிடம் இருந்து, எந்தச் சேதமும் இல்லாமல் ஐந்தாண்டு ஓடிய காரின் பாலிசியில் 50 இருந்திருக்க வேண்டும். அந்தப் பாலிசியில் இருந்தது 25. பின்னோக்கி எண்ணினால், 2023 பிப்ரவரிக்கும் 2024 பிப்ரவரிக்கும் இடையில் ஓர் இழப்பீடு பெறப்பட்டிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு மாதங்களுக்குள்தான் மிக்ஜாம் வருகிறது. பம்பர் இடித்திருந்தாலும் போனஸ் போயிருக்கும். பாலிசியைப் புதுப்பிக்க 90 நாள்களுக்கு மேல் தாமதித்திருந்தாலும் போயிருக்கும். ஆகவே இந்த ஓர் எண் மட்டும் சாட்சியாகாது. ஆனால் சீட் பெல்ட்டில் உள்ள கோட்டையும் இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஐயம் எதுவும் மிஞ்சவில்லை.

விற்பனையாளரிடம் நேராகவே கேட்டேன். "சார், டாக்டர் ஓட்டின வண்டி, அடுக்ககத்திலேயே நின்றது" என்றார். அடுக்ககத்தின் தரைத்தளத்திலா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு விலைக்குத் தாவினார். கேட்ட விலையில் பத்தாயிரம் குறைப்பதாகவும், ஆனால் மொத்த விலை மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி என்றும் சொன்னார். அதுவும் உண்மையன்று. பதிவு பெற்ற வியாபாரி பழைய காரை விற்கும்போது, பொதுவாக அவர் வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள லாபத்தின் மீதுதான் அந்த வரி. தனிநபர் தம் சொந்தக் காரைத் தனிநபருக்கு விற்றால் வரியே இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்றும், உரிமையாளர் வண்டியை ஒப்படைத்ததை இணையம் வழியே தெரிவிக்க வேண்டும் என்றும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றைக் காட்டுங்கள் என்றேன். "அப்ளை பண்ணியிருக்கோம் சார்" என்றார். கடைசியாக ஒன்று கேட்டேன்: ரசீதில் 'இந்த வண்டியில் தண்ணீர் ஏறியதில்லை' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால், கேட்ட விலையையே தருகிறோம். அவர் எழுதவில்லை. நாங்கள் வந்துவிட்டோம்.

வழியில் தங்கை மகன், "ஒரு லட்சம் குறைத்துக் கேட்டிருக்கலாமே மாமா, கொடுத்திருப்பார்" என்றான். கொடுத்திருக்கவும் கூடும். ஆனால், தண்ணீர் ஏறிய காருக்கு எவ்வளவு குறைத்தால் நியாயம் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. தரை விரிப்பு மட்டும் நனைந்து, அன்றே உலர்த்தப்பட்டு, அதை விற்பவர் ஒளிக்காமல் சொன்னால், விலையைக் குறைத்து வாங்குவதில் தவறில்லை என்பேன். இருக்கை வரை ஏறிய தண்ணீர் அப்படிப்பட்டதன்று. ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் இரு முன் இருக்கைகளுக்கும் நடுவே, தரையை ஒட்டித்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்து, ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்தும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மோதும் நேரத்தில் ஏர்பேக் விரியாமல் போவதற்கு ஒரு லட்சம் தள்ளுபடி என்று பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு நேர்மாறாக அமைந்தது நாங்கள் வாங்கிய கார். மந்தைவெளியில் ஓய்வு பெற்ற ஒருவரின் 2020ஆம் ஆண்டு சிறிய பெட்ரோல் கார், டி.என். 06, 46,000 கிலோமீட்டர், கேட்ட விலை 4,60,000. நாங்கள் கேட்பதற்கு முன்பே அவர், "2023 மழையில் தெருவில் பாதி டயர் வரை தண்ணீர் நின்றது, உள்ளே வரவில்லை, விரிப்பைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். தூக்கிப் பார்த்தோம், சொன்னது உண்மை. இருந்தாலும் எங்கள் பகுதி மெக்கானிக்கை 1,500 ரூபாய் கொடுத்து உடன் அழைத்துப் போயிருந்தோம். விற்பவர் சிபாரிசு செய்யும் மெக்கானிக்கை நம்பி வாங்குவதற்குப் பதில், எந்த மெக்கானிக்கும் இல்லாமல் வாங்குவது மேல்.

மெக்கானிக் முதலில் பானெட்டைத் திறந்து என்ஜினைப் பார்க்கவில்லை. பானெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பார்த்தார். பெயின்ட் உடைந்திருந்தால் அது ஒரு முறை கழற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். பிறகு ரேடியேட்டரின் இரு பக்கமும் உள்ள ஏப்ரன் தகடுகளில் வெல்டிங் புள்ளிகள் தொழிற்சாலை போட்டவையா, பட்டறை போட்டவையா என்று விரலால் தடவினார். கதவுகளின் ஓர ரப்பரை உரித்து பில்லரைப் பார்த்தார். இடது பின்கதவில் மட்டும் பட்டி பார்த்து பெயின்ட் அடித்திருப்பதை, வெயிலில் சாய்வாகப் பார்த்தும் தட்டிப் பார்த்தும் சொன்னார். உரிமையாளர், "சாந்தோமில் ஆட்டோ உரசியது" என்று ஒப்புக்கொண்டார். கதவு உரசியது பெரிய குறையன்று. காரின் எலும்புக்கூடான ஏப்ரனும் பில்லரும் அடிவாங்கியிருந்தால் அது வேறு கதை. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் புகையைப் பார்த்தோம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. என்ஜின் சூடான பிறகும் விடாமல் வெள்ளை வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகமாகிறது. ஆயில் மூடியைத் திறந்து வைத்து, அங்கிருந்து புகை குபுகுபுவென்று வருகிறதா என்று பார்த்தார். பட்டறைகளில் இதை 'பேக் கம்ப்ரெஷன்' என்பார்கள், பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்ததன் அறிகுறி. வரவில்லை. ஆயிலில் தண்ணீர் கலந்தால் மூடியின் உட்புறத்தில் பால் கலந்த காப்பி நிறத்தில் தெரியும் படிவும் இல்லை.

ஓட்டிப் பார்க்கும்போது ஏ.சி.யையும் பாட்டையும் அணைத்துவிடச் சொன்னார். பட்டினப்பாக்கம் வரை ஓட்டினோம். வேகத்தடைகளில் அடியிலிருந்து சத்தம் இல்லை. கைப்பிரேக்கைப் போட்டு மூன்றாவது கியரில் கிளட்ச்சை மெதுவாக விட்டபோது என்ஜின் உடனே அணையாமல் இழுத்துக்கொண்டு நின்றது. கிளட்ச் தட்டு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. திரும்பும் வழியில், நடுப்பகல் வெயிலில், ஏ.சி.யைப் போட்டுப் பார்த்தோம். சென்னையில் அந்த ஒரு சோதனையை மட்டும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பேரம் திண்ணையில் உட்கார்ந்து, காப்பியோடு நடந்தது. வாயால் சண்டை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை; ஒரு தாளில் எழுதினேன். டயர்கள் 2020இல் தயாரானவை, நான்கும் மாற்ற 16,800. கிளட்ச் செட், கூலி உட்பட 11,000. இன்சூரன்ஸ் ஆறு வாரத்தில் முடிகிறது, 9,000. மூன்றாவதை அவர் ஏற்கவில்லை. "எந்தக் காரை வாங்கினாலும் நீங்கள் இன்சூரன்ஸ் கட்டத்தானே வேண்டும், அதை என் தலையில் ஏன் வைக்கிறீர்கள்?" என்றார். காப்பீட்டுத் துறையில் ஆயுளைக் கழித்த எனக்கு அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை, தாளில் அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் பங்குக்கு, பாலிசியில் உள்ள ஐ.டி.வி.யைக் காட்டி அதுவே விலை என்றார். ஐந்தாண்டைக் கடந்த காருக்கு அது காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி வைத்துக்கொள்ளும் மதிப்புதான், சந்தை விலையன்று என்று விளக்கினேன். இன்னொன்றையும் சொன்னேன்: 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி., செஸ் உட்பட 29 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்குறைப்பு முழுவதும் விலையில் இறங்கினால் புதிய காரின் ஷோரூம் விலை எட்டரை சதவீதம் குறைகிறது. புதியது இறங்கும்போது பழையதும் இறங்க வேண்டும். அவர் தம் மகளிடம் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து 4,30,000 என்றார். அதற்குக் கீழே கேட்க எங்களுக்குக் காரணம் இருக்கவில்லை.

பத்தாயிரம் முன்பணத்துக்கு ரசீது எழுதிக்கொண்டோம். அதில் தண்ணீர் உள்ளே ஏறியதில்லை என்ற வரியை அவரே தம் கையால் எழுதினார். வங்கிக் கடன் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்திருந்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்படாமல் இருந்தது. வங்கியின் தடையில்லாச் சான்றும் 35ஆம் எண் படிவமும் வந்து அது நீங்கும் வரை 25,000 ரூபாயை நிறுத்தி வைப்பது என்று பேசி முடித்தோம். நிலுவையில் உள்ள அபராதச் சலான்களை இணையத்தில் பார்த்து அவரே கட்டிவிட்டார். பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் வெற்றிடமாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் தரகர்கள் இன்னும் இருக்கிறார்கள். விற்பவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாள்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாறாத வரையில், விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ள உரிமையாளரையே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாக்கியிருக்கிறது. அந்தப் பெரியவருக்கு இதைச் சொன்னதும், மறுநாளே வேலையைத் தொடங்க வேண்டும் என்று எங்களைவிட அவர்தான் அவசரப்பட்டார்.

இப்போது என் கோரிக்கை. ஒரு வண்டியின் எண்ணைக் கொடுத்தால் அதன் பதிவுத் தேதி, எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு எதுவரை, புகைச் சான்று எதுவரை, கடன் உண்டா என்பதையெல்லாம் இன்று பரிவாஹன் இணையதளத்தில் அறிய முடிகிறது. அந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கி இழப்பீடு பெற்றதா, முழு நட்டம் என்று தீர்க்கப்பட்டதா என்பது மட்டும் நான் தேடிய எந்தக் காரின் விவரத்திலும் இல்லை. அந்தத் தகவல் காப்பீட்டு நிறுவனங்களிடம் இருக்கிறது. அதை எழுதிய கைகளில் என் கையும் ஒன்று. உரிமையாளரின் பெயரோ தொகையோ வேண்டாம். 'வெள்ளச் சேத இழப்பீடு: உண்டு' அல்லது 'இல்லை' என்ற ஒரே ஒரு கட்டம் போதும். மத்தியப் போக்குவரத்து அமைச்சகமும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் சேர்ந்து செய்ய வேண்டியது இது. ஆண்டுதோறும் மூழ்கும் நகரத்தைத் தலைநகராகக் கொண்ட தமிழ்நாடு அரசு அதை வலியுறுத்த வேண்டும். முழு நட்டமான வண்டியை ஏலம் விடும்போது, பதிவைத் தொடர்வதா ரத்து செய்வதா என்பதை ஏலம் எடுப்பவரின் விருப்பத்துக்கு விடாமல், மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடிவு செய்த பிறகே வண்டி கைமாற வேண்டும். இழப்பீடே கேட்காமல் கைக்காசில் ஒப்பேற்றியவை இந்தக் கட்டத்தில் சிக்கமாட்டா என்பதை அறிவேன். அவற்றுக்கு சீட் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பதுதான் வழி.

வியாபாரிகளின் அங்கீகாரச் சான்று, கடை வாசலில் கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்கிறதா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் நேரில் சென்று பார்க்க வேண்டும். ஏமாந்தவர்களுக்கு ஒரு தகவல்: வியாபாரியிடம் வாங்கியவர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போகலாம், கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. தனிநபரிடம் வாங்கியவருக்கு அந்த வாசல் இல்லை. ஆகவேதான் அந்த ஒரு வரியை எழுதி வாங்கச் சொல்கிறேன்.

தங்கள் நாளிதழிடம் கேட்பது சிறியது. பழைய கார் வரி விளம்பரம் கொடுக்கும் வியாபாரியிடம் அங்கீகாரச் சான்று எண்ணைக் கேட்டு வாங்கி, அதையும் விளம்பரத்தோடு அச்சிடலாம். ஒரு வரி கூடும். அதற்கான கட்டணத்தை அவர்களே தருவார்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் விட்டுவந்த அந்த முதல் காரின் விளம்பரத்தைத் தங்கள் பக்கத்தில் கண்டேன். 'டாக்டர் யூஸ்டு, சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன், சித்திரைச் சலுகை' என்றிருந்தது. விலை 5,15,000 ஆகியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
நங்கநல்லூர், சென்னை - 61